ப்ரஸ்ஸல்ஸ் போய் பீர் குடிச்சா நம்மூரு மூத்த கள்ளு வாசனை அடிக்குதுங்க

இளங்கள்ளு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க வந்து படிச்சுட்டு சத்தமில்லாமப் போறவன் தான் நானு, எழுதறது இதான் மொத தடவ, கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கோங்க.

கம்பெனி வேலையா மூணு வாரம் பெல்ஜியத்துல லூவன்ங்கற ஊர்ல கெடந்தேன். ஸ்டெல்லா ஆர்ட்வா அந்த ஊரு பீரு தான், ஆனா உள்ளூர்க்காரன் எவனும் அதப் பெருசா பேசறதில்ல, கால் லிட்டர் கிளாஸ்ல ஊத்தி நீட்டறாங்க, இங்க டீ சொன்னா வர்ற மாதிரி. கூட வேலை பாக்கற பையன் ஒருத்தன் தான் கேட்டான், இத்தன பீரு குடிக்கறயே லாம்பிக் குடிச்சியான்னு. அது என்னடான்னா ஈஸ்ட்டே போடாத பீருங்கறான். ஈஸ்ட்டு போடாம எப்பட்றா புளிக்கும்னா, காத்துல இருந்து தானா வந்து விழும்ங்கறான். எனக்கு அந்த நிமிசமே கேரளா பார்டர்ல வேலந்தாவளத்துல எங்க அப்புச்சியோட தென்னந்தோப்பு ஞாபகம் வந்துருச்சு. பானைய மரத்துல கட்டி விட்டா யாரு ஈஸ்ட்டு போட்டா அங்க?

அதனால அந்த சனிக்கிழமை வெள்ளென எந்திரிச்சு ட்ரெயின் புடிச்சேன். ப்ரஸ்ஸல்ஸ் அரை மணி நேரம். எறங்கற ஸ்டேஷனுக்கே ரெண்டு பேரு, ஃப்ரெஞ்சுல மிடி, டச்சுல ஸாய்ட், ரெண்டுக்கும் தெக்குன்னு தான் அர்த்தமாம். தெரு போர்டு பூரா அப்படித் தான், ரெண்டு பாஷை. கொழிஞ்சாம்பாறைல தமிழும் மலையாளமும் பாத்து வளந்தவனுக்கு அது ஒன்னும் புதுசா இல்லீங்க. கடைல ஒரு பாஷைல கேட்டா இன்னொரு பாஷைல பதில் வருது, அதுவும் நம்ம கதை தான்.

ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிசம் நடந்தா கான்டியோன் பீர் ஆலை. ஆண்டர்லெக்ட்னு ஏரியா பேரு. பெரிய கோபுரம் மாதிரி ஏதோ இருக்கும்னு போனா சாதாரண தெருவுல சாதாரண கதவு, அக்கம்பக்கத்துல பழைய காரு வாங்கி விக்கற கடைக. 1900ல ஆரம்பிச்சதாம், சுத்தி இருந்த மத்த லாம்பிக் ஆலை எல்லாம் ஒவ்வொன்னா மூடிப் போய் ரொம்ப காலம் சிட்டிக்குள்ள மிஞ்சி நின்னது இது ஒன்னு தான். 1978ல இருந்து ம்யூசியமாவும் நடத்தறாங்க, டிக்கெட் வாங்கினா நாமளே சுத்திப் பாத்துக்கலாம், கூட யாரும் வந்து நச்சரிக்கறதில்ல.

மேல மச்சுக்கு ஏறினா தாங்க விசயம். ஓட்டுக் கூரைக்கு அடில அகலமா ஒரு செம்புத் தொட்டி, ஆழம் கம்மி, நம்ம ஊர்ல வெல்லப் பாகு ஊத்தி ஆற வெக்கற தொட்டிய பெரிய ரூம் அளவுக்கு இழுத்து விட்டாப்ல. கூல்ஷிப்னு பேரு. கோதுமையும் பார்லியும் வேக வெச்சு எடுத்த தண்ணிய கொதிக்கக் கொதிக்க அதுல ஊத்தி ஒரு ராத்திரி சும்மா விட்டுருவாங்களாம். சுவத்துல ஜன்னலு, காத்து வரட்டும்னு. அந்த ஒரு ராத்திரில காத்துல என்ன இருக்கோ அது விழுந்துக்கும், காலைல பீப்பாய்க்கு எறக்கிருவாங்க, அவ்வளவு தான். நான் போனப்ப தொட்டி காலி, நல்லா வெளுத்து வாங்கற வெயில் காலம். அக்டோபர் கடைசில இருந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும் தான் காய்ச்சுவாங்களாம், மத்த மாசத்துல காத்துல கெட்டதும் சேந்து வரும், ராத்திரி ஆறவும் ஆறாது.

கீழ பீப்பாய் ரூம்ல நூலாம்படை. சும்மா இல்ல, கை வெச்சா மணிக்கட்டு வரைக்கும் ஒட்டும் அந்தளவு. தொடைக்க மாட்டாங்களாம், சிலந்தி இருந்தா ஈயும் பூச்சியும் பீப்பாய்கிட்ட வராது, அதனால சிலந்தியக் கொல்லக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. எங்க அம்மிச்சி பாத்திருந்தா தொடப்பக்கட்டையோட எறங்கிருக்கும்.

சுத்தி முடிச்சா கடைசில ஊத்திக் குடுத்தாங்க. மொதல்ல ஒரு வயசு லாம்பிக். நொரையே இல்ல, கேஸே இல்ல, வெளிறின மஞ்சளா நிக்குது. மோந்து பாத்தேன். சத்தியமா சொல்றேன், மத்தியானத்துக்கு மேல கள்ளு ஷாப்பு பின்பக்கம் பானை கழுவற எடத்துல நின்னா ஒரு வாசனை வருமில்ல, நனைஞ்ச சாக்கு, பழைய மரம், பழுத்துப் போன அன்னாசி, அதே தான். ஒரு வாய் குடிச்சா மாவடு ஜாடித் தண்ணி மாதிரி நாக்கோரத்துல சுருக்குனு புடிக்குது. பக்கத்துல நின்ன ஜப்பான்காரர் மொகம் சுளிச்சாரு, நான் சிரிச்சுட்டேன்.

ரெண்டாவது கூஸ். ஒரு வருசம், ரெண்டு வருசம், மூணு வருசப் பீப்பாய் மூணையும் கலந்து பாட்டில்ல அடைச்சா இளசுல மிச்சமிருக்கற சக்கரைய வெச்சு பாட்டிலுக்குள்ளயே மறுபடி புளிச்சு கேஸ் கட்டுது. ஷாம்பெய்ன் மாதிரி கார்க்கு. பாட்டில ஒரு பிரம்புக் கூடைல படுக்க வெச்சே கொண்டாந்து, நிமித்தாமயே ஊத்தறாங்க, அடில மண்டி கலங்கக் கூடாதாம்.

மீதிய நைட் எழுதறேன், வீட்டுல சோத்துக்குக் கூப்படறாங்க.

மஞ்சப்பை:

ஏனுங் தம்பி, புளிச்ச பீரு குடிக்கவா ஏரோப்ளேன் ஏறினீங்க. நம்ம கடைல ஒரு ஸ்ட்ராங்கு வாங்கி ரெண்டு நாளு பைக் டிக்கில வெச்சிருந்தா அதே டேஸ்ட்டு வந்துரும் 😂

பொள்ளாச்சி மாப்ள:

மஞ்சப்பை அண்ணா அது கெட்டுப் போன பீரு, இது புளிக்க வெச்ச பீரு. பழைய சோறும் ஊசிப் போன சோறும் ஒன்னாங்ணா?

@இளங்கள்ளு நைட்டு கண்டிப்பா எழுதுங்க. நான் வாராவாரம் கோபாலபுரம் தாண்டி கேரளாவுக்குக் கள்ளு குடிக்க வர்ற ஆளு தான் 🙈 தமிழ்நாட்டுல 1987ல கள்ளைத் தடை பண்ணாங்க, நான் பொறக்கறதுக்கு முன்னாடி. எங்க தோப்புல முந்நூறு மரம் நிக்குது, ஒரு சொட்டு எறக்க முடியாது, பத்து கிலோமீட்டர் தாண்டி வந்து அதே தென்னங்கள்ளைக் காசு குடுத்துக் குடிக்கறேன்.

ஈஸ்ட்டு வாத்தியார்:

நல்ல இழை. நான் காலேஜ்ல மைக்ரோபயாலஜி எடுக்கறவன், ஒரு திருத்தம் மட்டும் சொல்லிக்கறேன், தம்பி கோவிச்சுக்கக் கூடாது.

வாசனை ஒன்னு தான், ஏன்னா ரெண்டுலயும் லாக்டிக் ஆசிட் பாக்டீரியா வேலை செய்யுது, காட்டு ஈஸ்ட்டு வேலை செய்யுது. ஆனா வேகம் ஏன் இவ்வளவு வித்தியாசம்னு யோசிச்சீங்களா? கள்ளு காலைல எறக்கினா பொழுதோட மூத்துருது, மறுநா காடியாப் போற வழில நிக்குது. லாம்பிக்குக்கு மூணு வருசம். காரணம் சக்கரை. தென்னம்பாளைல வடியறது கிட்டத்தட்ட நேரடி சர்க்கரைத் தண்ணி, சுக்ரோஸ், எந்த ஈஸ்ட்டும் உக்காந்த எடத்துல தின்னுரும். போதாததுக்கு நாம கொதிக்க வெக்கறதில்ல, பானைல முந்தின நாள் மண்டி வேற ஒட்டி இருக்கு, அதுவே ஒறை ஊத்தின மாதிரி.

லாம்பிக் அப்படியில்ல. மாவுல இருந்து வர்ற சக்கரை, அதுலயும் வேணும்னே பச்சக் கோதுமை மூணுல ஒரு பங்குக்கு மேல போட்டு, நீளச் சங்கிலிச் சக்கரை நெறைய நிக்கற மாதிரி வேக வெப்பாங்க. டெக்ஸ்ட்ரின்னு பேரு. சாதா ஈஸ்ட்டு சாக்கரோமைசிஸ் அதுல சின்னத மட்டும் தின்னுட்டு படுத்துரும். அப்புறம் மாசக்கணக்குல பீடியோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா புளிப்ப ஏத்தும், கடைசியா பிரெட்டனோமைசிஸ் மெதுவா மிச்சத்தப் பிரிச்சுத் தின்னும். அந்த நனைஞ்ச சாக்கு, குதிரை லாயம் வாசனை இவரு தான். இவர மொதல்ல 1904ல டென்மார்க்ல கார்ல்ஸ்பெர்க் ஆலை ஆராய்ச்சிக்காரர் க்ளாசன் கண்டு சொன்னாரு, இங்கிலாந்து பீர்ல பாத்ததால பிரிட்டிஷ் பூஞ்சைன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு வெச்சாரு. பெல்ஜியத்துல கெடைக்கற வகைக்கு ப்ருக்ஸெலென்சிஸ்னு ஊரு பேரே.

இன்னொன்னு, எல்லாம் காத்துல இருந்தே வருதுன்னு சொல்றதும் பாதி தான். பீப்பாய் மரத்துக்குள்ள காலங்காலமா குடியிருக்கறது நெறைய. கூரை, சுவரு எல்லாத்துலயும் இருக்கு. ஓடு மாத்தறதுக்கே பயப்படுவாங்க சில ஆலைல.

மஞ்சப்பை:

வாத்தியாரே, குதிரை லாயம் வாசனைன்னு சொல்லியே விக்கறாங்களா, அத காசு குடுத்து வாங்கறாங்களா. சரி விடுங்க நான் மூடிக்கறேன்.

இளங்கள்ளு:

வாத்தியார் சார் ரொம்ப நன்றிங்க, கோவமெல்லாம் ஒன்னுமில்ல, மரத்துக்குள்ள குடியிருக்கும்ங்கறது எனக்குத் தெரியாது. அங்க பீருக்குக் கசப்பு குடுக்கற ஹாப்ஸ் பூவு கூட மூணு வருசம் பழசாப் போட்டு வெச்சிருந்தாங்க, கசப்பு போயிரணும் ஆனா கெட்டுப் போகாமக் காக்கற சத்து இருக்கணும்னு எழுதிருந்துது.

விட்ட எடத்துல இருந்து வர்றேன். கான்டியோன்ல இருந்து சிட்டிக்குள்ள நடந்தே போனேன். கிராண்ட் ப்ளாஸ் சதுக்கம், தங்க முலாம் பூசின கட்டடமா நிக்குது, 1695ல ஃப்ரெஞ்சு படை பீரங்கி போட்டு ஒடச்சத திரும்பக் கட்டினது, அதுல ஒன்னு பீர் காய்ச்சறவங்க சங்கத்துக் கட்டடம். நின்னு பாத்தேன், ஃபோட்டோ எடுத்தேன், பசி.

பசில பண்ணின தப்பு தான் அடுத்தது. பக்கத்துல ஒரு சந்து, ரெண்டு பக்கமும் ஹோட்டலு, வாசல்ல நின்னு கையப் புடிச்சு இழுக்காத கொறை. ஒருத்தர் இந்தியா இந்தியான்னு கூப்பிட்டு உக்கார வெச்சுட்டாரு. பேரு வேண்டாம். சட்டி நெறைய கல்லுமக்காய் கொண்டாந்து வெச்சாங்க, செலரி போட்டு வேக வெச்சது, அது நல்லாத் தான் இருந்துது, தலைசேரிப் பக்கம் சாப்பிட்டவங்களுக்கு மசாலா இல்லைன்னு ஏக்கம் வரும் அவ்வளவு தான். பில்லப் பாத்தா நான் கேக்காத ரொட்டிக்கு, கேக்காத தண்ணிக்கு, போர்டுல ஒரு ரேட்டு பில்லுல ஒரு ரேட்டு. சண்டை போடற அளவுக்கு பாஷை இல்ல, குடுத்துட்டு வந்துட்டேன். ஃப்ரைஸ் கூட மாட்டுக் கொழுப்புல பொரிக்கறது தான் அங்க பழைய வழக்கம், சைவக்காரங்க போனா கேட்டுட்டுத் தின்னுங்க.

அந்த எரிச்சல்ல நுழைஞ்சது தான் பெக்காஸ்னு ஒரு எடம். வெளிய இருந்து பாத்தா கடையே தெரியாது, ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல ஒரு ஆளு போற சந்து, அது உள்ள போய் ஒரு பழைய ஹால்ல முடியுது. 1877ல இருந்து இருக்குதாம். அங்க இனிப்பு லாம்பிக் மண் ஜாடில ஊத்திக் குடுக்கறாங்க. குடிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துருச்சுங்க. இது இளங்கள்ளு! காலைல எறக்கி பத்து மணிக்குக் குடிக்கற இனிப்பும் லேசாப் புளிப்பும். நான் இங்க பேரு வெச்சிருக்கறது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். மேசைல ஜாடி, சாய்ச்சு ஊத்திக்கறது, பக்கத்துல கெழவங்க ரெண்டு பேரு பேசாம உக்காந்திருக்காங்க. ஜாடிய எடுத்துட்டு அலுமினியக் கோப்பை வெச்சா ஒழலப்பதி ஷாப்பு.

அப்புறம் மோர் சுபீத்.

பொள்ளாச்சி மாப்ள:

மோரா??

ஒழலப்பதிக்காரன்:

மோர் குடிக்கவாடா அவ்வளவு தூரம் போனே 🤣🤣 எங்கூட்டுக்கு வந்திருந்தா எங்க ஆத்தாளே குடுத்திருக்கும்

இளங்கள்ளு:

சிரிக்காதீங்கடா. மோர்ன்னா ஃப்ரெஞ்சுல சாவு. மோர் சுபீத்னா திடீர்ச் சாவு. கடை 1928ல இருந்து இப்ப இருக்கற எடத்துல இருக்கு. அதுக்கு முன்னாடி கடைக்காரர் இன்னொரு எடத்துல நடத்திருக்காரு, அங்க பேங்க் ஆளுக மத்தியானச் சோத்து நேரத்துல வந்து தாயம் உருட்டுவாங்களாம், ஆபீஸ்க்கு நேரமாச்சுன்னா கடைசி ஆட்டத்த ஒரே உருட்டுல முடிச்சுக்குவாங்க, தோத்தவன் திடீர்ச் சாவு, பில்லு அவன் தலைல. அந்தப் பேரே கடைக்கும் ஆயி பீருக்கும் ஆயிருச்சு.

உள்ள போனா நீள ஹாலு, ரெண்டு பக்கமும் கண்ணாடி, தூணு, சுவரு பூரா சிகரெட்டுப் புகை காலத்துல மஞ்சப் புடிச்சது அப்படியே. வெயிட்டர் அம்மாவுக்கு ஒரு அறுபது வயசு இருக்கும், என்ன வேணும்ங்கறத பாதி கேக்கும்போதே திரும்பிப் போயிருச்சு. கூஸும், ரொட்டில வெள்ளப் பாலாடை தடவி முள்ளங்கியும் வெங்காயத் தாளும் நறுக்கிப் போட்டதும் வந்துது. அந்த ரொட்டி லாம்பிக்குக்குன்னே ஏற்பட்டதாம். காரமில்ல, மொளகில்ல, ஆனா முள்ளங்கிய ஒரு கடி கடிச்சுட்டு புளிப்ப ஒரு வாய் இழுத்தா தொண்டைல தனியா ஒன்னு நடக்குது. நம்ம ஷாப்புல கப்பையும் மத்திக் கறியும் எப்படியோ அப்படி. ஒன்னரை மணி நேரம் அங்கயே உக்காந்துட்டேன், யாரும் எந்திரின்னு சொல்லல.

டெலிரியமும் போனேன், ரோஸ் யானை போட்ட கடை. 2004ல 2,004 வகை பீர் வெச்சு கின்னஸ்ல வந்தது. மெனு டெலிஃபோன் டைரக்டரி கனம். ஆனா உள்ள நிக்க எடமில்ல, பூரா என்னை மாதிரி டூரிஸ்ட்டு, தரையெல்லாம் பிசுபிசு. ஒன்னே ஒன்னு குடிச்சுட்டு வந்துட்டேன்.

கடைசி எடம் மூடர் லாம்பிக். மூடர்னா டச்சுல அம்மா, முன்னாடியே சொல்லிடறேன் ஒழலப்பதி.

ஒழலப்பதிக்காரன்:

நான் ஒன்னும் சொல்லலயே 😇

இளங்கள்ளு:

ஃபோன்டெனா சதுக்கத்துல இருக்கு. அங்க கவுண்டர்ல நின்ன பையன் நல்லாப் பேசினான். எங்க ஊர்லயும் இப்படித் தானா புளிக்கறது ஒன்னு இருக்கு, தென்னைல இருந்து வரும்னு ஃபோன்ல ஃபோட்டோ காட்டினேன். அவன் நம்பல, மரத்துல ஏறியா, தெனமும் ரெண்டு வேளையா, அதுவும் கயிறில்லாமலான்னு மூணு தடவ கேட்டான். பாளை வெடிக்கறதுக்கு முன்னாடி கயித்துல இறுக்கிக் கட்டி, நாள்கணக்கா தட்டித் தட்டி பதமாக்கி, நுனிய வெத்தலை கனத்துக்குச் சீவி சீவி விடணும், கனமாச் சீவினா பாளை சீக்கிரம் தீந்துரும், சீவாம விட்டா அடைச்சுக்கும்னு கையால செஞ்சு காட்டினேன். அடுத்த ஆளுக்கு பீர் ஊத்தறத விட்டுட்டுக் கேட்டுட்டு நின்னான். பொறவு ஒரு கிளாஸ் ஓர்வால் அவன் கணக்குல குடுத்தான், அது டிராப்பிஸ்ட் சாமியார் மடத்துல காய்ச்சறது, அதுலயும் அந்த பிரெட்டனோமைசிஸ் போடறாங்களாம் வாத்தியார் சார். ஒவ்வொரு பீருக்கும் தனித்தனி கிளாஸ், ஓர்வால் கிளாஸ் நம்ம கோயில் கலசம் மாதிரி இருக்கு.

திரும்பறப்ப ட்ரெயின்ல தூங்கிட்டேன். லூவன் தாண்டி லியேஜ் போய் எறங்கினேன். அத்துவான ராத்திரி, திரும்ப ஒரு வண்டி கெடைச்சுது. வேற ஒன்னும் சொல்றதுக்கில்ல.

பொள்ளாச்சி மாப்ள:

கோயமுத்தூர்ல எறங்க வேண்டியவன் ஷொர்ணூர்ல போய் முழிச்ச கதை, எங்க மாமா ஒருத்தரு உண்டு 😂

கென்ட் குடியேறி:

ஆறு வருசமா இதே பெல்ஜியத்துல கென்ட்ங்கற ஊர்ல இருக்கேன், சொந்த ஊரு மீனாட்சிபுரம். தம்பி நல்லா சுத்திருக்கீங்க, டெலிரியத்த சீக்கிரம் விட்டு வந்தது நல்ல வேலை. ரெண்டு விசயம் சேத்துக்கோங்க.

லாம்பிக் ப்ரஸ்ஸல்ஸோட நிக்கறதில்ல, தெக்கால மேக்கால பாயொட்டன்லாண்ட்னு கிராமப் பக்கம் இருக்கு, சென் ஆத்துப் பள்ளத்தாக்கு. அந்தக் காத்து தான் விசேசம்னு பழைய ஆளுக சொல்வாங்க. ஆனா அந்த ஆத்த ப்ரஸ்ஸல்ஸ்க்குள்ள தேடினா கெடைக்காது, நாறுது, காலரா வருதுன்னு 1867ல ஆரம்பிச்சு 1871க்குள்ள மேல மூடி ரோடு போட்டுட்டாங்க. நீங்க நடந்த பெரிய ரோட்டுக பலது அதுக்கு மேல போட்டது தான்.

அப்புறம் 2016ல பெல்ஜியத்து பீர்க் கலாச்சாரத்த யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. அன்னைக்கு எங்க தெருக் கடைல ஒருத்தர் கிளாஸத் தூக்கி, நாங்க குடிக்கறது இனிமே பாரம்பரியம்னு சத்தம் போட்டாரு.

பொள்ளாச்சி மாப்ள:

அவங்களுக்கு 2016ல யுனெஸ்கோ, எங்களுக்கு 1987ல தடை. நல்லா இருங்க.

சோகநாசினி:

எல்லாரும் சந்தோசமாப் பேசறீங்க, நான் நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் சித்தூர். எங்க மாமியா ஆப்பத்துக்கு மாவு கரைச்சா அரை டம்ளர் கள்ளு ஊத்தாம பொங்காதுன்னு சொல்லும், அது வரைக்கும் கள்ளு எனக்கும் புடிக்கும். ஆனா எங்க அப்பா கள்ளு ஷாப்புல போட்ட காசுக்கு ரெண்டு ஏக்கரு வாங்கிருக்கலாம். மூணு கிளாஸ்ல ருசி பாத்துட்டு வர்றவங்க வேற, விடிஞ்சா அங்க நிக்கறவங்க வேற. அதோட எங்கூர்ல நிக்கற மரத்தையும் வெளி ஜில்லாவுக்குப் போற வண்டியையும் எண்ணிப் பாத்தா கணக்கு ஒத்து வராது, கலப்படம் தான்னு சின்னக் கொழந்தையும் சொல்லும். அந்த கான்டியோன்காரங்க மாதிரி உள்ள வாங்க, பீப்பாயப் பாருங்க, தொட்டியப் பாருங்கன்னு ஒரு ஷாப்பாவது கதவத் தொறந்து காட்டட்டும், அப்ப பாரம்பரியம்னு ஒத்துக்கறேன்.

இளங்கள்ளு:

அக்கா நீங்க சொல்றது நியாயமுங்க. அங்க எனக்கு ரொம்பப் புடிச்சதே அது தான், மறைக்கறதுக்கு ஒன்னுமில்ல, நூலாம்படை உட்பட. எங்க அப்புச்சி காலத்துல நம்ம தோப்பு கள்ள நம்ம கண்ணு முன்னாடி எறக்கி ஊத்துவாங்க, இப்ப நானே ஷாப்புல குடிக்க யோசிக்கறேன், தெரிஞ்ச ஆளு மரத்துல இருந்து எறக்கினா மட்டும் தான்.

ஒழலப்பதிக்காரன்:

அக்கா சொன்னதுக்கு நானும் ஒன்னு சேத்துக்கறேன், பார்டர் தாண்டி வர்ற பசங்க திரும்பறப்ப பைக்குல மூணு பேரு போறத நெனச்சா பயமா இருக்கு. பஸ்ஸு இருக்குது, ஏறிப் போங்க மாப்ள.

பொள்ளாச்சி மாப்ள:

சரிங்ணா. எங்க சித்தப்பா தான் ஓட்டுவாரு, அவரு குடிக்க மாட்டாரு, ஷாப்பு கறிக்கு மட்டும் வருவாரு.

வாத்தியார் சார், நம்மூர்ல லாம்பிக் மாதிரி போட முடியுமா? தோப்புல தொட்டி கட்டி ராத்திரி விட்டா?

ஈஸ்ட்டு வாத்தியார்:

சட்டம் ஒரு பக்கம் கெடக்கட்டும். கொதிக்கற தண்ணி விடியறதுக்குள்ள இருபது டிகிரிக்கு வந்தாகணும். நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மார்கழில வீசறப்ப ஒரு நாளு ரெண்டு நாளு நடக்கலாம், மத்த நாளு வெதுவெதுப்பா நின்னு வேண்டாத பாக்டீரியா புகுந்து வாந்தி வாசனை அடிக்கும். அப்புறம் மூணு வருசம் பீப்பாய எங்க வெப்பீங்க, நம்ம சித்திரை வெயில்ல ஆறு மாசத்துல காடி.

எனக்கு ஒரு ஆசை. அந்த கூஸ் ஒரு பாட்டில் நெசமாவே மரம் ஏறற ஆளு ஒருத்தருக்குக் குடுத்து அவரு என்ன சொல்றாருன்னு பாக்கணும். நாம படிச்சவங்க ஒன்னு மாதிரி இருக்குன்னு சொல்றது பெருசில்ல.

இளங்கள்ளு:

சார் ரெண்டு பாட்டில் பெட்டில இருக்கு, வேட்டிக்குள்ள சுத்திக் கொண்டாந்தேன், ரெண்டு லிட்டருக்குள்ள தான். வர்ற நோம்பிக்கு ஊருக்குப் போறேன். அப்புச்சி தோப்புல எறக்கிட்டு இருந்தவரு இப்ப எழுவது தாண்டிட்டாரு, ஏறறதில்ல, ஆனா நாக்கு இருக்குது. குடுத்துப் பாத்துட்டு எழுதறேன்.

மஞ்சப்பை:

இதுக்கு நான் வெயிட்டிங்.

(மூணு வாரம் கழிச்சு)

மஞ்சப்பை:

தம்பி?? நோம்பி முடிஞ்சு நாளாச்சு.

இளங்கள்ளு:

மன்னிச்சுக்கோங்க, வந்ததும் வேலை புடிச்சுக்குச்சு. போனேன், குடுத்தேன்.

பொழுதோட போனேன், சாளைக்கு முன்னாடி கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தாரு. கம்பியப் பிரிச்சு கார்க்க எடுத்ததும் டப்புனு சத்தம், கட்டுத்தறில நின்ன மாடு மெரண்டுருச்சு, அவங்க வீட்டம்மா உள்ள இருந்து ஓடியாந்தாங்க. எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தினேன். அவரு குடிக்கல, மொதல்ல டம்ளர காதுகிட்ட வெச்சுக் கேட்டாரு. நொரை வெடிக்கற சத்தம் கேப்பாராம், கள்ளுக்கும் அப்படித் தான் கேப்பாராம், எனக்கு இது நாள் வரைக்கும் தெரியாதுங்க. அப்புறம் மோந்தாரு, விரல வுட்டு ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சுப் பாத்தாரு, அதுக்கப்புறம் தான் ஒரு வாய்.

"எத்தன நாளு கண்ணு ஆச்சு இது?"

மூணு வருசம்னேன். என்ன ஒரு மாதிரி பாத்தாரு. "நம்முளுது மூணா நாளு இந்தப் பதத்துக்கு வரும். வந்தா கீழ ஊத்திருவோம்."

மஞ்சப்பை அண்ணா சிரிங்க, உங்களுக்கு ஜெயிச்ச மாதிரி தான்.

ஆனா டம்ளர கீழ வெக்கல. இன்னொரு வாய் குடிச்சாரு. பானைய கழுவுவாங்களான்னு கேட்டாரு. பீப்பாய்க்குள்ள சுடுதண்ணியும் இரும்புச் சங்கிலியும் போட்டு உருட்டிக் கழுவறாங்க, மெசின் இருக்குன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ரொம்பக் கழுவக் கூடாதே, மொதக் கள்ளு மட்டையா இருக்குமேன்னாரு. வாத்தியார் சார், நீங்க மரத்துக்குள்ள குடியிருக்கும்னு எழுதினீங்களே அது தான், அவரு ஒரு வரில சொல்லிட்டாரு. கூரைத் தொட்டி, நூலாம்படை எல்லாம் சொன்னேன். சிலந்தி விசயத்துக்கு மட்டும் தலையாட்டினாரு, பானைக்குள்ள தேனீ விழுந்து சாகறது தான் அவருக்கு பெரிய தொல்லையாம் அந்தக் காலத்துல.

அவங்க வீட்டம்மாவும் ஒரு முழுங்கு குடிச்சுட்டு ஆப்பத்துக்கு ஆகும்னாங்க. ரெண்டாவது பாட்டில ஒடைக்கவேண்டாம், மகன் வரட்டும்னு வெச்சுக்கிட்டாங்க. காலியானத நான் பைல போடப் போனேன், வாங்கி கையில தூக்கிப் பாத்து, நல்ல கனமா இருக்குது, தேங்கெண்ணெய்க்கு ஆகும், விட்டுட்டுப் போ சாமின்னாங்க.

ஈஸ்ட்டு வாத்தியார்:

காதுல வெச்சுக் கேட்டாரா!! தம்பி அவர நான் நேர்ல பாக்கணும், ஞாயித்துக்கிழமை வரலாமா?

இளங்கள்ளு:

வாங்க சார். காலைல வாங்க, வெயிலுக்கு முன்னாடி.